நூறு சதவீதமும் நூறு நாளும்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தங்கைக்கு மாலத்தீவில், தலைநகரிலிருந்து தள்ளி ஒரு தீவுப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. ஐ.நா. அட்டவணையில் அந்த நாட்டுக்கு அடிப்படைக் குடிநீர் வசதி கிட்டத்தட்ட நூறு சதவீதம் என்று போட்டிருக்கிறது. அதே தேடலில் 2014-ல் இந்தியா விமானம் விமானமாகத் தண்ணீர் அனுப்பிய செய்தியும் வந்திருக்கிறது. "இரண்டில் எது பொய்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே உண்மை. ஆனால் நீங்கள் கேட்க வந்தது அதுவல்ல என்று நினைக்கிறேன். மார்ச், ஏப்ரலில் அந்தப் பெண் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமா, அதைக் குடிக்கலாமா என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நிலத்தடி நீர்த் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். பெரும்பாலும் கடலோரக் கிணறுகள்தான் என் வேலை. மாலத்தீவுக்கு வேலையாக மூன்று முறை போய்ச் சில வாரங்கள் தங்கியிருக்கிறேன். அங்கே மண்ணும் மழையும் கிணறும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். கட்டணம், ஒப்பந்தம், உள்ளூர் அரசியல் என் எல்லைக்கு வெளியே. அவற்றைத் தொடவில்லை.

முதலில் அந்த நூறு சதவீதம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எடுக்கும் கணக்கு அது. அதில் 'அடிப்படை' என்ற சொல்லுக்கு வரையறுத்த பொருள் உண்டு. வெளி அசுத்தம் கலக்காதபடி அமைந்த மூலத்திலிருந்து தண்ணீர் வர வேண்டும். போய், வரிசையில் நின்று, எடுத்துக்கொண்டு திரும்ப 30 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. குழாய், மூடிய கிணறு, மழைநீர்த் தொட்டி எல்லாம் இதில் சேரும். பாட்டில் தண்ணீரும் இப்போது சேரும். இதற்கு மேலே 'பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர்' என்று இன்னொரு படி இருக்கிறது. வீட்டு எல்லைக்குள்ளேயே கிடைக்க வேண்டும், வேண்டிய நேரத்தில் கிடைக்க வேண்டும், மலக்கிருமியும் ரசாயனமும் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் படி. 2030-க்குள் உலகம் எட்ட வேண்டும் என்று நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்கும் அதுவே. மாலத்தீவின் வெளித் தீவுகளில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு மழைநீர்த் தொட்டி இருக்கும். கூரையிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து அடுக்களை, நடை பத்து அடி. ஆகவே 'அடிப்படை' கணக்கில் அந்த வீடு தேறிவிடுகிறது. அந்தத் தொட்டியில் எத்தனை நாளுக்குத் தண்ணீர் நிற்கும் என்பது அந்தப் படியில் வரும் கேள்வியே இல்லை. ஆனால் சின்னத் தீவில் எல்லாம் அந்த நாள் கணக்கில்தான் இருக்கிறது.

ஏன் என்று புரிய நிலத்துக்கு அடியில் பார்க்க வேண்டும். மாலத்தீவில் ஆறு இல்லை, பெரிய ஏரி இல்லை, மலை இல்லை. ஏறக்குறைய 1,200 பவளத் தீவுகள். அவற்றில் மக்கள் வசிப்பவை 200-க்கும் குறைவு. பெரும்பாலான நிலம் கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம்தான். பெய்கிற மழை பவள மணலுக்குள் இறங்கி, கீழே ஏற்கெனவே நிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது, உப்புநீர் கனமானது. அதனால் எண்ணெய் மிதப்பது போல இது மேலே நிற்கிறது. தீவின் நடுவில் தடிமனாகவும் கரையோரத்தில் மெல்லியதாகவும் இருப்பதால் நாங்கள் இதை நன்னீர் வில்லை என்போம். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால் கீழே நாற்பது அடி வரை இறங்கி நிற்கும் என்பது கணக்கு. 1880-களின் இறுதியில் ஒரு டச்சுக்காரரும் 1901-ல் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியே கண்டுபிடித்து எழுதியது இது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணறுகளும் ராமேசுவரம் தீவின் மணல் கிணறுகளும் இதே விதிக்குத்தான் கட்டுப்பட்டவை. கேட்க நல்ல செய்தி போல இருக்கும். அதையே திருப்பிப் படித்தால்தான் பயம் வரும்: நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினால், அடியிலிருந்து உப்பு நாற்பது சாண் ஏறும்.

அந்த நாற்பது அடியும் ஏட்டுக் கணக்குதான். பவளத் தீவில் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் பழைய சுண்ணாம்புப் பாறை வந்துவிடும். அதில் ஓட்டைகள் அதிகம். கடல் ஏறி இறங்கும்போதெல்லாம் உப்புநீர் அந்த ஓட்டைகள் வழியே மேலும் கீழுமாகப் போய்வந்து நன்னீரின் அடிப்பகுதியைக் கலக்கிவிடும். சில நூறு மீட்டர் அகலம் இல்லாத தீவில் குடிக்கத் தகுந்த வில்லை உருவாவதே கடினம். இருக்கும் தீவிலும் அது சில மீட்டர்தான். கையால் வாளி போட்டு இறைத்த காலத்தில் அது தாங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் மின்மோட்டார் வந்ததும் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு ஒரு குவியலாக எழும்பத் தொடங்கிவிட்டது. கூடவே கழிவுத்தொட்டி. மணலில் சில அடி தோண்டினாலே நீர் ஊறுகிற இடத்தில், கிணற்றுக்குப் பத்தடி தள்ளிக் கழிவுநீரை இறக்கினால் அது எங்கே போகும்? நான் பார்த்த பல கிணறுகளில் உப்பை விட அழுகல் முட்டை வாசம்தான் முதலில் மூக்கில் ஏறியது.

தலைநகர் மாலேயில் இது எப்போதோ முற்றிவிட்டது. ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டர் தீவில் ஊர் மேல் ஊராக மக்கள் குடியேறினார்கள். 1978-ல் காலரா வந்தது. குடித்த கிணற்றையே நம்ப முடியாது என்பது அப்போது ஊருக்குத் தெரிந்துபோனது. 1980-களின் இறுதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் வேலை சிறிய அளவில் தொடங்கியது. 1995-ல் அதற்கென்றே ஒரு நிறுவனம் அமைந்தது. இன்று மாலே குடிப்பது, குளிப்பது, துவைப்பது எல்லாம் கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்த தண்ணீரில்தான். அந்த நகரம் இதைச் சாதித்ததை நான் உண்மையாகவே மதிக்கிறேன். ஒரு தலைமுறைக்கு முன் காலராவில் செத்த ஊரில் இப்போது மூன்றாம் மாடிக் குழாயில் சுத்தமான தண்ணீர் வருகிறது. அட்டவணையில் நூறு என்று எழுத அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைச் சவ்வின் வழியே தள்ளிப் பிரிக்க, நன்றாகக் கட்டிய பெரிய ஆலையிலேயே ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். சின்ன ஆலையில் இன்னும் கூடும். மின்சாரம் பெரும்பாலும் டீசலில் வருகிறது. டீசல் கப்பலில் வருகிறது. ஆக, குழாயின் மறுமுனை ஒரு கப்பலில் இருக்கிறது. 2014 டிசம்பர் 4 அன்று மாலேயின் ஆலையில் தீப்பிடித்துக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் கேபிள்களும் எரிந்தபோது லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் குழாய்நீர் தடைப்பட்டது. கடைகளில் பாட்டில்கள் தீர்ந்தன. இந்தியா அதற்கு 'ஆபரேஷன் நீர்' என்று பெயர் வைத்து உதவியது. விமானப்படை நம் அரக்கோணம் தளம் வழியாகத் தண்ணீர் ஏற்றிச் சென்றது. சுகன்யா, தீபக் என்ற இரண்டு கடற்படைக் கப்பல்கள் போயின. சுகன்யாவிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தது. இலங்கையும் சீனாவும் அனுப்பின. நிலைமை சீராக ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. நீங்கள் பார்த்த செய்தி இதுதான். அன்று மாலேயில் வறட்சி இல்லை, பஞ்சம் இல்லை. ஒரே மூலம், அது நின்ற நாளில் கைகொடுக்கக் கையிருப்பு போதவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

உங்கள் தங்கை போவது மாலேக்கு இல்லை என்பதால் வெளித் தீவுகளின் கதைதான் அவருக்கு முக்கியம். அங்கே வெகுகாலம் கிணற்று நீர் புழங்கவும், மழைநீர் குடிக்கவும் என்று பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். மழைநீரை அந்நாட்டு மொழியான திவேகியில் 'வாரே ஃபென்' என்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி பல தீவுகளின் மேல் ஏறி இறங்கியது. கிணறுகள் உப்பாயின, கழிவுத்தொட்டிகள் கலங்கிக் கலந்தன. ஒரு முறை ஏறிய உப்பு, அடுத்தடுத்த மழைகள் கழுவிக் கழுவித்தான் இறங்கும். அதன் பிறகு உதவி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் பிளாஸ்டிக் தொட்டிகள் கொடுத்தன. ஒரு வீட்டுக்கு 2,500 லிட்டர் தொட்டி என்பது வழக்கமான அளவாயிற்று.

அந்த 2,500 லிட்டரை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். கூரை 50 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிந்தியது, ஆவியானது போக ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 40 லிட்டர் தொட்டிக்கு வரும். அறுபது மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பெய்தால் தொட்டி நிரம்பிவிடும். தென்மேற்குப் பருவத்தில் அது ஒரு நல்ல நாள் மழை. ஆண்டு மழை ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர். சென்னைக்குக் கிடைப்பது 1,400 சொச்சம்தான். அதாவது அந்தக் கூரையிலிருந்து ஆண்டுக்கு 80,000 லிட்டர் தொட்டிக்கு வரக்கூடும், அதில் ஒரே சமயத்தில் பிடித்து வைக்க முடிவது 2,500. மழை போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிடித்து வைக்கப் பாத்திரம் போதவில்லை. ஐந்து பேர் வீட்டில் ஆளுக்கு மூன்று லிட்டர் வீதம் குடிக்க மட்டும் எடுத்தால் நிரம்பிய தொட்டி நூற்று அறுபது நாளுக்கு மேல் வரும். சோறு பொங்க, பாத்திரம் அலம்ப என்று ஆளுக்குப் பத்து லிட்டர் எடுத்தால் ஐம்பதே நாள். வடகிழக்குப் பருவத்தின் வறண்ட மாதங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நூறு நாளுக்கு மேல். வடக்குத் தீவுகளில் இந்த வறட்சி கடுமை. தெற்கே அட்டு என்ற தீவுக்கூட்டத்தின் பக்கம் மழை ஆண்டு முழுவதும் ஓரளவு பரவிப் பெய்யும். ஐம்பது நாளில் தீர்ந்த வீட்டுக்கு மிச்ச நாளெல்லாம் யார் கொடுப்பார்கள்? பல ஆண்டுகளாக அரசு கப்பலில் கொண்டுபோய்க் கொடுத்துவந்தது. தீவு மன்றம் எழுதிக் கேட்கும், கப்பல் வரும், பொதுத் தொட்டியில் நிரப்பும், ஆட்கள் குடங்களோடும் கேன்களோடும் நிற்பார்கள்.

ஒரு தீவில் நான் கிணறு கிணறாக உப்பளவு பார்த்துக்கொண்டு போனபோது ஒரு வீட்டம்மா என் கருவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் மழைநீர்த் தொட்டியிடம் கூட்டிப்போனார். விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டினார். ஓர் இடத்தில் வெற்றுச் சத்தம் மாறி அடைத்த சத்தம் வந்தது. அங்கே கரியால் போட்ட ஒரு கோடு. அதற்கு மேலே ஏழெட்டுப் பழைய கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு வாரம். இன்னும் எத்தனை வாரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குழந்தைகளுக்கு மட்டும் அந்தத் தண்ணீர், பெரியவர்களுக்குக் கப்பல் தண்ணீர் என்று அப்போதே பிரித்துவிட்டிருந்தார். எந்தக் கணக்கெடுப்பிலும் அந்த வீடு வசதியுள்ள வீடுதான்.

இப்போது நிலைமை மாறிவருகிறது. இதையும் சொல்ல வேண்டும். 2015-ல் பசுமைப் பருவநிலை நிதியம் 49 தீவுகளை மனதில் வைத்து ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மழைநீர், நிலத்தடி நீர், கடல்நீர் சுத்திகரிப்பு மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்துவது அதன் அடிப்படை. 2024 ஆகஸ்டில் இந்தியக் கடனுதவியில் கட்டிய குடிநீர், கழிவுநீர் அமைப்புகள் 28 தீவுகளில் ஒப்படைக்கப்பட்டன. ஆகவே உங்கள் தங்கையின் தீவில் சிறிய ஆலையும் குழாயும் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மூன்றையும் சேர்ப்பதுதான் சரியான வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றையே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மாலே ஒரு சாட்சி, பசிபிக்கில் துவாலு இன்னொன்று. துவாலு மழையையே நம்பிய நாடு. 2011-ல் பசிபிக் கடற்பரப்பு குளிரும் லா நினா காரணமாக மழை பொய்த்தபோது அவசரநிலை அறிவித்தார்கள். தலைநகர் ஃபுனாஃபுட்டியில் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு இரண்டு வாளி, 40 லிட்டர். நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கின. ஒரு நாட்டில் இயந்திரம் நின்றது, இன்னொன்றில் மழை நின்றது. இரண்டிலும் தண்ணீர் வானத்திலிருந்து இறங்கியது விமானத்தில்தான்.

எனக்குள் உறுதி குறைந்த இரண்டு விஷயங்களையும் சொல்கிறேன். முதலாவது, கழிவுநீர்க் குழாய். கழிவுத்தொட்டிகளை மூடி, கழிவுநீரைக் குழாயில் சேர்த்துக் கடலில் விடுவதால் கிணறு சுத்தமாகும், இது நிச்சயம். ஆனால் முன்பு கிணற்றிலிருந்து இறைத்த நீர் கழிவாகவாவது அதே மணலுக்குத் திரும்பியது. இப்போது கிணற்றிலிருந்து எடுத்துக் கழிப்பறைக்கு ஊற்றும் ஒவ்வொரு வாளியும் தீவை விட்டே போகிறது. வில்லை மெலியும் என்று என் அனுபவம் சொல்கிறது. எவ்வளவு மெலியும் என்பது தீவுக்குத் தீவு மாறும். அளந்து பார்க்காமல் பொதுவாகச் சொல்லக் கூடாது. நிரம்பிய தொட்டியின் வழிந்தோடும் நீரைத் தெருவில் விடாமல் மணலில் இறக்கினால் ஈடுசெய்யலாம் என்பது என் கருத்து. 2003-ல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கிய அதே மழைநீர்ச் சேகரிப்புக் குழிதான். பவள மணலில் அது நம் ஊர்க் களிமண்ணை விட நன்றாகவே வேலை செய்யும்.

இரண்டாவது, கடல் மட்டம். 'இன்னும் சில பத்தாண்டுகளில் குடிநீர் முற்றாகப் போய்விடும்' என்று நீங்கள் படித்த வரி 2018-ல் வந்த ஓர் ஆய்விலிருந்து பிறந்ததாக இருக்கலாம். மார்ஷல் தீவுகளில் ரோய்-நமூர் என்ற தீவை வைத்துச் செய்தது அது. கடல் மட்டம் ஏறுவதை விட, பேரலைகள் ஆண்டுதோறும் தீவின் மேல் ஏறி வில்லையை உப்பாக்குவதே முந்திக்கொண்டு வரும் ஆபத்து என்றது. அந்த வாதம் எனக்குப் பலமாகவே தெரிகிறது, 2004-ல் ஒரே நாளில் அப்படி நடந்ததைப் பார்த்தோம். ஆனால் ரோய்-நமூரின் பவளத் திட்டும் அலையும் வேறு, மாலத்தீவின் ஒவ்வொரு தீவும் வேறு. கடல் மெல்ல ஏறினால் வில்லையும் அதன் மேல் ஏறி மிதக்கும். நிலத்தின் பரப்பு குறைந்தால்தான் அது சுருங்கும். பவளத் தீவுகள் சில தேய்கின்றன, சில மணல் சேர்ந்து வளரவும் செய்கின்றன. அதனால் ஆண்டு குறிப்பிட்டு நாள் வைக்கும் எந்த வரியையும் நான் நம்புவதில்லை. உங்கள் தங்கையின் ஒப்பந்தக் காலத்துக்கு அது கவலையும் இல்லை.

அவருக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையெழுத்துப் போடும் முன் பள்ளியிடம், தீவில் கடல்நீர் ஆலை இருக்கிறதா, குழாய் ஆசிரியர் குடியிருப்பு வரை வருகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் குடியிருப்பின் மழைநீர்த் தொட்டி எத்தனை லிட்டர், அதை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். மேலே போட்ட கணக்கில் அந்த எண்களை வைத்தால் ஏப்ரல் தெரிந்துவிடும். சென்ற ஏப்ரலில் கப்பல் தண்ணீர் வந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். ஒளிக்காமல் சொல்வார்கள், அவர்களுக்கு அது அன்றாடம். கிணற்று நீர் குளிக்க, துவைக்க, தரை கழுவ. தெளிவாக இருந்தாலும் வாயில் வைக்க வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆலைத் தண்ணீர் சப்பென்று இருக்கும், பழகிவிடும். மழைநீர் தேநீருக்கு நன்றாக இருக்கும், அங்குள்ளவர்களே அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் கூரையில் காக்கையும் பல்லியும் நடமாடுவதால் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். மே மாதத்தில் வரும் முதல் மழையின்போது பத்து இருபது நிமிடம் குழாயைத் தொட்டியிலிருந்து விலக்கி விட்டு, கூரை கழுவுண்ட பிறகு திருப்ப வேண்டும். தொட்டி மூடியில் கிழியாத வலை இருக்க வேண்டும், அங்கே டெங்கு உண்டு.

போன முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டில் யாரையாவது கேட்டுத் தொட்டியைத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நிரம்பியிருக்கும்போதே பழகிவிட வேண்டும். ஜனவரி பிறந்ததும் ஞாயிறுதோறும் ஒரு கோடு.